மண்டிக்கு மதியம்தான் நடுராத்திரி: போஸ்ட்கிரெஸ் பராமரிப்பு நேரத்தை மாற்றிய பதிவு

கோயம்பேட்டில் ஒரு காய்கறி மண்டியின் பில்லிங் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் கைக்கு வந்தபோது அண்ணாச்சி சொன்ன முதல் புகாரே இதுதான்: "தம்பி, ராத்திரி ரெண்டு மணி ஆனா பில்லு நின்னு போகுது. கா மணி நேரம் கழிச்சு தானா வந்துருது. நெட்டுதான் சரியில்லைன்னு கம்பெனிய மாத்தியும் பாத்துட்டேன்." கடை ஆட்கள் அதற்கும் பழகிவிட்டார்கள். அந்த நேரத்தில் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும்போது ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றுவார்.

தினமும் ஒரே நேரத்தில் நிற்கிறது, தானாகச் சரியாகிறது என்றால் அது நெட் இல்லை, யாரோ நேரம் குறித்து வைத்த வேலை. கடையின் பில்லெல்லாம் போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸில்தான் இருக்கிறது. அது ஓடும் சர்வருக்குள் போய், குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளை எழுதி வைக்கும் க்ரான் பட்டியலைப் பார்த்தேன். இரண்டே வரிதான் இருந்தது: 20:15-க்கு பேக்கப், 20:30-க்கு பில் டேபிளுக்கு வாக்யூம் ஃபுல் (டேபிளைப் புதிதாக எழுதி வீண் இடத்தை மீட்கும் வேலை). ராத்திரி எட்டரைக்கு ஓடுகிற வேலை இரண்டு மணிக்கு ஏன் படுத்த வேண்டும் என்று பார்த்தால், சர்வர் கடிகாரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் 20:30 நமக்கு அதிகாலை 2:00. ஆக, முன்பு இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கணக்கெல்லாம் சரியாகப் போட்டுத்தான் வைத்திருக்கிறார். 2 மணிக்கு ஊரே தூங்கும், டேட்டாபேஸும் சும்மா இருக்கும், அப்போது கழுவித் துடைத்துவிடலாம் என்கிற நினைப்பு. தி.நகர் துணிக்கடைக்கு அது பொருந்தும். கோயம்பேட்டுக்குப் பொருந்தாது.

1996-இல் கொத்தவால் சாவடியிலிருந்து இங்கே வந்த மொத்தச் சந்தை இது, 295 ஏக்கர். பகலில் வந்து பார்க்கிறவர்களுக்கு இதன் வேகம் தெரியாது. ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் தக்காளி, மகாராஷ்டிரத்திலிருந்து வெங்காயம், ஊட்டிப் பக்கமிருந்து கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் ராத்திரியில்தான் லாரியில் இறங்கும். தாம்பரம், ஆவடி, திருவொற்றியூர் கடைக்காரர்கள் விடிவதற்குள் சரக்கை எடுத்துக்கொண்டு போய்க் கடை திறக்க வேண்டும். ஆக இரண்டு மணிதான் வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம்.

சரி, எனக்குத் தெரிந்த கோயம்பேட்டை நம்பி நேரம் குறிக்க வேண்டாம், டேட்டாவே சொல்லட்டும் என்று கடைசி மூன்று மாத பில்களை மணிவாரியாக எண்ணினேன். இதில் ஒரு விஷயம்: பில் நேரம் யூடிசியில் சேமிக்கப்பட்டிருந்தால் முதலில் அதைக் கொல்கத்தா நேரத்துக்கு மாற்றிவிட்டு, அப்புறம்தான் மணிவாரியாகக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் வரைபடம் ஐந்தரை மணி நேரம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு ராத்திரி எட்டரைக்கே உச்சம் என்று பொய் சொல்லும். மாற்றிப் பார்த்தபோது கிடைத்த படம் தெளிவாக இருந்தது. ராத்திரி 11 மணிக்கு வரத்துப் பதிவு தொடங்குகிறது, 2-லிருந்து 6 வரை உச்சம், 9-க்கு மேல் சரிவு, மதியம் 1-லிருந்து 5 வரை விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் பில். புதன்கிழமை மதியம் மட்டும் சின்னதாக ஒரு மேடு. அண்ணாச்சியிடம் கேட்டேன். "அன்னிக்குத்தான பாக்கி வசூல்!" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற தொனியில்.

நேரத்தை மாற்றுவதற்கு முன்னால் இரண்டு மணிக்கு உள்ளே என்னதான் நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட நினைத்தேன். அன்று வீட்டிலிருந்தே விழித்திருந்து, ஓடிக்கொண்டிருக்கும் கனெக்ஷன்களின் பட்டியலை விநாடிக்கு விநாடி எடுத்தேன். 1:45-க்கு பேக்கப் எடுக்கும் பிஜி டம்ப் தொடங்கியது. 2:00-க்கு வாக்யூம் ஃபுல் வந்தது, வந்து அப்படியே நின்றது, லாக்குக்காக, அதாவது டேபிளைப் பயன்படுத்தப் பிடிக்க வேண்டிய பூட்டுக்காகக் காத்திருப்பதாகக் காட்டியது. அதற்குப் பிறகு வந்த எல்லா பில் கனெக்ஷனும் அதே மாதிரி காத்திருப்பு.

பிஜி டம்ப் எல்லா டேபிளிலும் ஒரு மெல்லிய லாக்கைப் பிடிக்கும். அது படிக்கிறவரையும் தடுக்காது, எழுதுகிறவரையும் தடுக்காது. டேபிளை மாற்றியமைக்கவோ அழிக்கவோ வருகிறவரை மட்டும் தடுக்கும். வாக்யூம் ஃபுல் அப்படிப்பட்டது, டேபிளையே புதிதாக எழுதுவதால் அதற்கு முழு டேபிளும் தனியாக வேண்டும். எனவே டம்ப் முடிகிறவரை அது நிற்கிறது. சிக்கல் அதோடு முடியவில்லை. போஸ்ட்கிரெஸில் லாக்குக்கு வரிசை உண்டு. ஃபுல் வரிசையில் நின்றுவிட்டால், அதன் பின்னால் வரும் சாதாரணப் படிப்புகூட அதைத் தாண்டிப் போக முடியாது. சந்தை கேட்டில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கக் காத்துக்கொண்டிருந்தால் பின்னால் டூவீலர்கூட நிற்குமே, அந்தக் கதை. டம்ப் 2:10 வாக்கில் முடிந்தது, ஃபுல் உள்ளே நுழைந்து டேபிளை எழுதத் தொடங்கியது, அது முடிந்த பிறகுதான் பில்கள் ஒரே மூச்சில் ஓடின.

டேட்டாபேஸ் சின்னதாக இருந்தபோது டம்ப் அந்த 15 நிமிட இடைவெளிக்குள் முடிந்திருக்கும், ஃபுல்லும் நிமிடத்தில் முடிந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. வளர வளர இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டன. அடுத்தடுத்து ஓட வேண்டிய வேலைகளுக்குத் தனித்தனியாகக் கடிகார நேரம் கொடுத்தால் என்றாவது ஒருநாள் இப்படித்தான் ஆகும். இப்போது இரண்டும் ஒரே ஸ்கிரிப்டில் இருக்கின்றன, டம்ப் முடிந்தால்தான் அடுத்தது.

ஆனால் யார்தான் தினமும் வாக்யூம் ஃபுல் போடுவார்கள்? பழைய குறிப்பு ஒன்று கிடைத்தது: ஒருமுறை டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்றுபோய், அவசரத்துக்கு ஃபுல் ஓட்டியிருக்கிறார்கள், அது அப்படியே தினசரி வேலையாகிவிட்டது. அப்படியும் டேபிள் குறையவில்லை. சுமார் 40 லட்சம் ரெக்கார்டு உள்ள பில் டேபிள், இண்டெக்ஸோடு (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) சேர்ந்து 9 ஜிபி. அந்த ரெக்கார்டு அளவுக்கு இரண்டு ஜிபிகூடத் தேவைப்படாது.

இங்கே போஸ்ட்கிரெஸின் குணத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு ரெக்கார்டை மாற்றினால் அது பழையதை அழிப்பதில்லை. புதிய பிரதி ஒன்றை எழுதிவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவைக்கும், ஏனென்றால் வேறு யாரோ இன்னும் பழைய பிரதியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். யாருக்கும் தேவையில்லை என்று ஆன பிறகு அதைக் கூட்டிப் பெருக்குவதுதான் வாக்யூம். மண்டி பில்லில் மாற்றம் நிறைய. சரக்கு எடுத்தவுடன் மூட்டை எண்ணிக்கையோடு ஒரு பதிவு, எடை போட்டதும் ஒரு திருத்தம், விலை முடிவானதும் இன்னொன்று, பணம் வந்ததும் மற்றொன்று. ஒரு பில்லுக்கு மூன்று செத்த பிரதி நிச்சயம்.

வாக்யூமைப் போஸ்ட்கிரெஸே தானாக ஓட்டும் ஆட்டோவாக்யூம் ஓடியிருக்கிறதா என்று பார்த்தால் ஓடியிருக்கிறது, கடைசியாக எப்போது ஓடியது என்பதும் பதிவாகியிருக்கிறது, ஆனால் செத்த ரெக்கார்டு எண்ணிக்கை இறங்கவே இல்லை. இப்படி இருந்தால் எங்கோ ஒரு பழைய டிரான்ஸாக்ஷன் (ஒன்றாகச் சேர்த்து முடிக்க வேண்டிய வேலைத் தொகுப்பு) திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். கனெக்ஷன் பட்டியலை டிரான்ஸாக்ஷன் தொடங்கிய நேரத்தின்படி வரிசைப்படுத்தினேன். முதலிடத்தில் இருந்தது கடையின் முன்னால் தொங்குகிற விலைப் பலகை டிவி. பல நாட்களாகத் திறந்து கிடந்த ஒரே டிரான்ஸாக்ஷன்.

அதன் பைத்தான் நிரலைப் பார்த்தேன். தொடங்கும்போது "டிவி ஆன்" என்று ஒரு குறிப்பு டேபிளில் எழுதுகிறது, பிறகு பத்து விநாடிக்கு ஒருமுறை விலை டேபிளைப் படிக்கிறது, எந்த இடத்திலும் கமிட் (டிரான்ஸாக்ஷனை உறுதிசெய்து முடிப்பது) இல்லை. பைத்தானைப் போஸ்ட்கிரெஸோடு இணைக்கும் சைகோபிஜி2 தானாகவே டிரான்ஸாக்ஷன் தொடங்கிவிடும், கமிட் செய்யாவிட்டால் அது திறந்தேதான் இருக்கும். திரையில் விலை மட்டும் ஒழுங்காக மாறிக்கொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எழுதியது கமிட் ஆகாததால் அந்தக் குறிப்பு டேபிள் காலியாகவே இருந்தது. முதல் நாளே அதைப் பார்த்து, காலி டேபிள் எதற்கு என்று யோசித்திருந்தேன், விடை இங்கே கிடைத்தது. அந்த டிரான்ஸாக்ஷன் தொடங்கிய பிறகு செத்த எந்தப் பிரதியையும் வாக்யூமால் தொட முடியாது. ஃபுல்லும் அவற்றைத் தூக்கி எறியாது, பத்திரமாகப் புதிய இடத்துக்கு நகலெடுத்து வைக்கும். அதாவது தினமும் இரண்டு மணிக்கு வியாபாரத்தை நிறுத்தி, குப்பையை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த டிவி பில் டேபிளைப் படிக்கவில்லை என்பது கடையின் நல்ல நேரம். படித்திருந்தால் அந்த மெல்லிய லாக் விடுபடாமலே இருந்திருக்கும், ஃபுல் காத்திருப்பிலேயே கிடந்து விடிய விடிய ஒரு பில்கூடப் போட முடிந்திருக்காது.

டிவி நிரலில் ஆட்டோகமிட்டைப் போட்டேன், ஒரே வரி. கூடவே, டிரான்ஸாக்ஷனைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருக்கும் கனெக்ஷனைப் போஸ்ட்கிரெஸே வெட்டிவிடும்படி டைம்அவுட் வைத்தேன். இந்த வசதி போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பிலிருந்தே இருக்கிறது. திறந்துவிட்டு மறந்துபோகும் நிரல்தான் இதில் சிக்கும், பத்து விநாடிக்கு ஒருமுறை படித்துக்கொண்டே இருக்கும் இந்த டிவி மாதிரி ஒன்று சிக்காது. நாளைக்கு இன்னொரு டிவி வரும், அதன் நிரலை வேறொருவர் எழுதுவார், அதைத் தனியாகக் கண்காணிக்கத்தான் வேண்டும்.

அடுத்து நேரம். பேக்கப்பை மதியம் 1:30-க்குக் கொண்டுவந்தேன், யூடிசியில் அது சரியாக 8:00. நமக்குக் கோடைக்கால நேர மாற்றமெல்லாம் கிடையாது என்பதால் யூடிசி கணக்கே வருடம் முழுக்கச் செல்லும். ஆனாலும் அடுத்து வருகிறவர் குழம்பக் கூடாது என்று லினக்ஸின் சிஸ்டம்டி டைமருக்கு மாறிவிட்டேன், அதில் நேரத்தோடு கொல்கத்தா என்று நேரமண்டலத்தையும் எழுதலாம். இந்த மாற்றத்தில் கேட்காமலே வந்த லாபம் ஒன்று உண்டு. முன்பு பேக்கப் எடுக்கப்பட்டது வியாபாரத்தின் நடுவில். சாயங்காலம் ஆறு மணிக்கு டிஸ்க் போயிருந்தால் அன்றைய உச்ச நேர வியாபாரம் மொத்தமும் துண்டுச் சீட்டில்கூட இருந்திருக்காது. இப்போது ராத்திரி வியாபாரம் முடிந்த கையோடு பேக்கப் எடுக்கப்படுகிறது.

டம்ப் முடிந்ததும் சாதாரண வாக்யூமும் அனலைஸும் (டேபிளின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிப்பது). இந்த வரிசையும் முக்கியம். டம்ப் ஓடும்போது அதுவும் ஒரு நீண்ட டிரான்ஸாக்ஷன்தான், அந்த நேரத்தில் வாக்யூம் ஓட்டினால் டம்ப் தொடங்கிய பிறகு செத்தவை கையில் சிக்காது.

ஏற்கெனவே ஊதிப்போயிருந்த 9 ஜிபிக்காக ஒரே ஒருமுறை நானே வாக்யூம் ஃபுல் ஓட்டினேன், டிவியைச் சரிசெய்த பிறகு, மதியம் மூன்று மணிக்கு, அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு. புதிய பிரதியை எழுத அதே அளவு காலி டிஸ்க் தேவைப்படலாம், அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், டிஸ்க் நிரம்பிய பிறகு ஃபுல்லைத் தேடினால் அது உதவிக்கு வராமல் போகலாம். முடிவில் டேபிள் இண்டெக்ஸோடு ஒன்றரை ஜிபிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பகலில் நிறுத்தவே முடியாத கடை என்றால், டேபிளை நீண்ட நேரம் பூட்டாமல் சுருக்கும் பிஜி ரீபேக் என்கிற தனிக் கருவி இருக்கிறது. எனக்குத் தேவைப்படவில்லை.

இவ்வளவு ஆன பிறகு மிஞ்சியது ஆட்டோவாக்யூம். உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், ராத்திரி 11-லிருந்து காலை 9 வரை அதை அணைத்துவிட்டால் என்ன, மதியம்தான் நீயே ஓட்டுகிறாயே என்றார். பலரும் செய்வது இதுதான், எனக்கு இதில் உடன்பாடே இல்லை. குப்பை சேர்வதே ராத்திரியில்தான். சரக்கு இருப்பு டேபிளில் ஒரு மூவாயிரம் ரெக்கார்டுதான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு பில்லும் அதைத் தொட்டுக் கழிக்கிறது. பத்து மணி நேரம் கூட்டாமல் விட்டால் மூவாயிரம் உயிருள்ள ரெக்கார்டைத் தேட லட்சக்கணக்கான செத்த பிரதிகளைத் தாண்டிப் போக வேண்டும், அதுவும் உச்ச நேரத்தில்.

பரபரப்பு நேரத்தில் பெரிய வாக்யூம் வரக் கூடாது என்பதுதான் நமக்கு வேண்டியது. அது ஏன் வருகிறது என்று கணக்குப் பார்த்தால் புரியும். மாற்றப்பட்ட ரெக்கார்டு 50, அதோடு மொத்தத்தில் 20 சதவீதம், இதைத் தாண்டினால் ஆட்டோவாக்யூம் கிளம்பும். 40 லட்சத்துக்கு 20 சதவீதம் என்றால் 8 லட்சம். அதுவரை சும்மா இருந்துவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அடியாகச் செய்யும். எண்ணிக்கை ஏறுவதே வியாபாரம் நடக்கும்போது என்பதால் அந்த எல்லையைத் தாண்டுவதும் பெரும்பாலும் மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோதான் நடக்கும். பில் டேபிளுக்கு மட்டும் அந்த 20 சதவீதத்தை 1 சதவீதமாக்கினேன். இப்போது 40,000 சேர்ந்தாலே வந்து முடித்துவிட்டுப் போகிறது. இன்னும் குறைக்கலாமே என்று தோன்றும். ஆனால் வாக்யூம் ஒவ்வொரு முறையும் இண்டெக்ஸ்களை முழுக்கப் படிக்க வேண்டிவரலாம் (போஸ்ட்கிரெஸ் 14-லிருந்து, செத்தவை மிகக் குறைவான பக்கங்களில், அதாவது டேபிள் சேமிக்கப்படும் 8 கேபி துண்டுகளில் இருந்தால் அந்த வேலையைத் தவிர்த்துவிடுகிறது), அதனால் பெரிய டேபிளில் ரொம்பவும் இறக்கினால் அதுவே சுமை.

இருப்பு டேபிளில் வேறு ஒரு கோளாறு கண்ணில் பட்டது. மீதி மூட்டை என்கிற நெடுவரிசைக்கு (column) யாரோ இண்டெக்ஸ் போட்டிருந்தார்கள். இண்டெக்ஸில் இல்லாத நெடுவரிசை மட்டும் மாறினால், அதே பக்கத்தில் இடமும் இருந்தால், போஸ்ட்கிரெஸ் வாக்யூமுக்குக் காத்திராமல் அந்தப் பக்கத்துக்குள்ளேயே பழைய பிரதிகளைச் சுத்தம் செய்துகொள்ளும். இங்கே மாறுவதே அந்த ஒரு நெடுவரிசைதான், அதற்கு இண்டெக்ஸ் இருந்ததால் அந்த வசதி கிடைக்கவே இல்லை. மூவாயிரம் ரெக்கார்டுக்கு அந்த இண்டெக்ஸ் எதற்கு? எடுத்துவிட்டேன். ஃபில்ஃபேக்டரை 70-ஆக வைத்து, பக்கங்களில் கொஞ்சம் இடம் விட்டு டேபிளைத் திரும்ப எழுதினேன். அப்புறம் அந்த டேபிள் பக்கம் தொந்தரவே இல்லை.

கடைசியாக பிரேக். ஆட்டோவாக்யூம் தான் செய்த வேலைக்கு ஒரு செலவுக் கணக்கு வைத்திருக்கிறது. ஒரு பக்கத்தை அழுக்காக்கினால் 20 புள்ளி, மொத்தம் 200 புள்ளி ஆனதும் 2 மில்லிவிநாடி ஓய்வு. பத்து பக்கம், பக்கத்துக்கு 8 கேபி, விநாடிக்கு அதிகபட்சம் 500 முறை, ஆக விநாடிக்குச் சுமார் 40 எம்பி வரை எழுத முடியும். பெரிய மெஷினுக்கு இது ஒன்றுமில்லை, எங்களுடையது போன்ற சின்ன கிளவுட் டிஸ்குக்கு அதிகம். எனவே ராத்திரி 10:30-க்கு ஓய்வை 10 மில்லிவிநாடியாக்குகிறேன், வேகம் ஐந்தில் ஒன்றாகிவிடும். காலை 10-க்குத் திரும்பவும் 2. போஸ்ட்கிரெஸில் ஆட்டோவாக்யூமுக்கு இந்த நேரம் இந்த வேகம் என்று குறிக்கும் வசதி கிடையாது, அதனால் டைமர்தான் செட்டிங்கை மாற்றி ரீலோட் கொடுக்கிறது, ரீஸ்டார்ட் தேவையில்லை. எங்களுடைய போஸ்ட்கிரெஸ் 15-இல் நடுவழியில் இருக்கும் வாக்யூம் அந்த டேபிளை முடிக்கிறவரை பழைய வேகத்திலேயே ஓடும், 16-லிருந்துதான் போகிற போக்கிலேயே புதிய மதிப்பை எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் 11-க்கு அரை மணி நேரம் முன்னதாகவே மாற்றுவது. இன்னொன்று, நாமே கையால் ஓட்டும் வாக்யூமுக்கு இந்த பிரேக் கிடையாது, முழு வேகத்தில் போகும். மதியம் அதுதான் வேண்டும், ராத்திரி அவசரத்தில் யாரும் கையால் ஓட்டிவிடக் கூடாது.

ஒவ்வொரு டிரான்ஸாக்ஷனுக்கும் போஸ்ட்கிரெஸ் கொடுக்கும் வரிசை எண் தீர்ந்துபோகும் பயத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டேன். ஒரு டேபிளின் வயது 20 கோடி டிரான்ஸாக்ஷனைத் தாண்டினால், ஆட்டோவாக்யூம் அணைத்திருந்தாலும் போஸ்ட்கிரெஸ் தானே ஒரு வாக்யூமைக் கிளப்பிவிடும். சாதாரண ஆட்டோவாக்யூம் யாராவது லாக்குக்காகக் காத்திருந்தால் வழிவிட்டு விலகிவிடும், இது விலகாது. கடையில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் டிரான்ஸாக்ஷன் என்று தாராளமாக வைத்தாலும் 2,000 நாள் ஆகும், எனவே அவசரமில்லை. மதிய ஸ்கிரிப்ட் அந்த வயதைப் பதிவுக் கோப்பில் எழுதி வைக்கிறது.

இவ்வளவு பார்த்து நேரம் குறித்தாலும் சந்தை நம் கடிகாரத்தைக் கேட்காது. ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் கோயம்பேட்டில் சிறப்புச் சந்தை போடுவார்கள், பூசணியும் கரும்பும் மஞ்சள் கொத்தும் பகல் முழுக்க ஓடும், அன்று மதியம் 1:30 சும்மா இருக்கிற நேரம் இல்லை. அதற்காகப் பண்டிகைத் தேதிகளை ஸ்கிரிப்டில் எழுதிக்கொண்டிருக்க முடியாது. வேலை தொடங்கும் முன் கடைசிப் பத்து நிமிடத்தில் எத்தனை பில் போட்டிருக்கிறார்கள் என்று ஸ்கிரிப்ட் பார்க்கிறது. குறித்த அளவுக்கு மேல் இருந்தால் அரை மணி நேரம் தள்ளிப் போடுகிறது, 5 மணி வரை இடம் கிடைக்காவிட்டால் வாக்யூமை அன்றைக்கு விட்டுவிட்டு பேக்கப்பை மட்டும் எடுக்கிறது. புதன்கிழமை பாக்கி வசூலும் இதிலேயே அடங்கிவிட்டது. டேபிள் அமைப்பை மாற்றுகிற வேலை ஏதாவது இருந்தால் அதற்கு மூன்று விநாடி லாக் டைம்அவுட், கிடைக்காவிட்டால் விலகிவிட வேண்டும், பின்னால் வரிசை சேரக் கூடாது.

ஒரு வாக்யூம் எவ்வளவு நேரம் எடுத்தது, எத்தனை ரெக்கார்டை எடுத்தது, எத்தனையை எடுக்க முடியவில்லை என்று சர்வரின் பதிவுக் கோப்பிலேயே எழுதச் சொல்லலாம். ஆட்டோவாக்யூம் பதிவு நேரத்தை (log_autovacuum_min_duration) 0 என்று வைத்தால் எல்லாமே வரும். நான் பார்ப்பது அந்தக் கடைசி எண்ணைத்தான். அது ஏறிக்கொண்டே போனால் எங்கோ இன்னொரு டிவி முளைத்திருக்கிறது.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து மாதக் கடைசியில் மதியம் இரண்டு மணிக்கு ஒரு பெரிய ரிப்போர்ட் எடுக்கிறார்கள், அது முக்கால் மணி நேரம் ஓடுகிறது, அந்த நேரத்து வாக்யூம் பாதி வீண். பில் எண்ணிக்கையில் இது தெரியாது, எனவே ஸ்கிரிப்டும் தள்ளிப் போடாது. திறந்திருக்கும் டிரான்ஸாக்ஷனின் வயதையும் சேர்த்துப் பார்க்கும்படி எழுதிக்கொண்டிருக்கிறேன். ரிப்போர்ட்டைக் காலையில் எடுக்க முடியுமா என்று அவர்களிடம் கேட்டுச் சொல்லும்படி அண்ணாச்சியிடம் சொன்னேன். "காலைல நான் தூங்குவேன் தம்பி, நீயே கேட்டுரு" என்றார்.